விழுந்தால் அடிக்கும் மணி

அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிப் பணிப்பெண்ணுக்குக் கண்கொத்தி என்று பட்டப்பெயர். வைத்தவர் அங்கே தங்கியிருந்த பழைய பஸ் டிரைவர். மாத்திரையைத் தலையணைக்கடியில் யார் ஒளிக்கிறார்கள், மகளின் போன் வந்தபிறகு யார் முகம் வாடியிருக்கிறது, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பெற்றவரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. டிரைவரை அப்பா என்றே கூப்பிடுவாள்.

ஒருநாள் அறைக்கு அறை கேமரா மாட்டினார்கள். யாராவது விழுந்தால் அவள் மேஜையில் மணி அடிக்குமாம். டிரைவர் சும்மா இருப்பாரா, மாட்ட வந்தவரை மடக்கினார்.

"தம்பி, எனக்கு நெஞ்சு வலிச்சா இது கத்துமா?"

"கத்தாதுங்க ஐயா. இந்த ஏ.ஐ.க்கு விழறது ஒண்ணுதான் தெரியும். அதைத் தப்பாம பார்க்கும். மனுஷங்க மாதிரி எல்லாத்தையும் பார்த்துப் புரிஞ்சுக்கிற ஏ.ஐ. இன்னும் வரலை."

"அதுக்குத்தான் எங்க கண்கொத்தி இருக்காளே!"

சொன்னபடியே மணி ஒரு விழுதலையும் தவறவிடவில்லை. நிர்வாகத்துக்குக் கணக்குப் போடச் சொல்லியா தரவேண்டும்? மூன்றாம் மாடியையும் அவள் தலையில் கட்டியது. அவளும் மனுஷிதானே, எத்தனை பக்கம் ஓடுவாள்? அறைக்குள் போய் இரண்டு வார்த்தை பேசுவது மெல்ல மெல்ல நின்றது. மணி அடித்தால் ஓடினாள். அடிக்காவிட்டால் எல்லாரும் நலம்.

ஒரு முற்பகலில் டிரைவர் அறையிலிருந்து மணி வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் கோணியிருந்தது. பக்கவாதம். அவள் போட்ட கூச்சலில் மாடியே திரண்டது. நல்லவேளை, காலத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் பிழைத்துக்கொண்டார். மெஷின் காப்பாற்றிவிட்டது என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அவருக்குப் பேச்சு திரும்பியதும் போய்ப் பார்த்தாள்.

"எப்படிப்பா விழுந்தீங்க?"

ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துப் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"விழலைம்மா. உட்கார்ந்துதான் இருந்தேன். கை வரலை, சத்தம் வரலை. நீ வாசலைத் தாண்டிப் போனே. திரும்பியும் வந்தே." மூச்சு வாங்கினார். "உட்கார்ந்திருந்தா அதுக்குத் தெரியாதே. அதான், நல்ல காலால உந்தி... நானே விழுந்தேன்."

போகும்போதும் வரும்போதும் அந்த அறைக்குள் அவள் பார்த்திருந்தாள். நன்றாக நினைவிருந்தது. ஆள் நாற்காலியில் இருந்தார், விழவில்லை. அதை மட்டும்தான் பார்த்திருந்தாள்.