பென்சிலில் எழுதிய நங்கூரம்

மாமனார் வீட்டுக்குப் போன முதல் நாளே, தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் கோப்பையின் அடியைப் பார்க்க அவசரப்பட்டுச் சட்டையை நனைத்துக்கொண்ட மனிதர் அவர். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் ஆகியும் மனைவியின் தங்கைகள் அந்தக் கதையை விட்டபாடில்லை. வேலை பார்க்கும் பழம்பொருள் ஏலக்கடையில் அவருக்குக் 'கவுத்தண்ணன்' என்றே பெயர். எந்தத் தட்டு கைக்கு வந்தாலும் அதன் முகத்தைப் பார்க்கமாட்டார். கவிழ்த்து முதுகைப் பார்ப்பார். பூவும் பறவையும் தங்க விளிம்பும் வாங்குகிறவரை மயக்குவதற்கு. எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்பதெல்லாம் அடியில் இருக்கும் முத்திரைக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

"என் முகத்தையாவது நேரா பாத்தீங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள் மனைவி.

இருபத்திரண்டு வயதில் பொட்டலம் கட்டுகிறவராக அந்தக் கடையில் சேர்ந்தார். பீங்கானைக் கவிழ்த்து வைத்துத்தான் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். நேராக வைத்தால் விளிம்பு போய்விடும். ஆகவே நாளொன்றுக்கு இருநூறு அடிப்பாகங்கள் அவர் கண்ணுக்கு நேராக வந்து போயின. கிரீடம், நங்கூரம், குறுக்கே வைத்த வாள், யாருக்கும் படிக்க வராத எழுத்து. மூன்று வருடத்தில், பன்னிரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பில் எந்த இரண்டு வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று சுற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அப்போதைய முதலாளி அவரைப் பொட்டலமேசையிலிருந்து எழுப்பி, ஏலத்துக்கு வரும் சாமான்களின் காலத்தைக் கணித்து எழுத ஜன்னலோரத்து மேசையில் உட்காரவைத்தார். முப்பத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். முதலாளி போய் அவர் மகன் வந்தாயிற்று. நாற்காலிக்கு மட்டும் இரண்டு முறை கால் மாற்றினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி என்று இரண்டு கண்ணாடியோடு திரிகிற பெண்மணி. ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் ஓடி, பிறகு அணைந்துபோன பீங்கான் சூளைக்கென்று புதிதாக ஒரு அறை திறக்கப்போகிறார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கொடுத்த தட்டைத் துணியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"வாசல்ல முதல் கண்ணாடிப் பெட்டியில இதைத்தான் வைக்கப்போறோம் சார். சூளையோட முதல் பத்து வருஷத்துத் தட்டுன்னு நீங்க ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா போதும்."

"பாக்காம எப்படிம்மா போடறது?"

"பாருங்க, பாருங்க. புத்தகத்துலயே இருக்கு, இருந்தாலும் நீங்க சொன்னாத்தான் எங்க இயக்குநர் நம்புவார்."

இது உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் இனித்தது. சொத்து என்று அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்: அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு.

அதிகாரி போனதும் கவிழ்த்தார். பச்சை நிறத்தில் நங்கூரம், அதன் கீழே வரிசையாக மூன்று புள்ளி. முத்திரைமேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. மெருகு பூசுவதற்கு முன்பே போட்ட முத்திரை; எவனும் பின்னால் வந்து ஒட்டியதல்ல. மேசையில் இருந்த முத்திரைக் கையேட்டைப் புரட்டினார். 'நங்கூரம், கீழே மூன்று புள்ளி: சூளையின் முதல் பத்தாண்டு.' பேனாவைத் திறந்தார்.

திறந்த பேனா அப்படியே நின்றது. தட்டு ரொம்ப வெள்ளையாக இருந்தது. அந்தச் சூளையின் ஆரம்பகாலச் சாமான்களில் மெருகு லேசாக நீலம் பாரித்து, அடிவளையத்தில் துணி அலசிய தண்ணீர்போலத் தேங்கியிருக்கும். இதுவோ பல் தேய்த்த முகம்மாதிரி பளிச்சென்று இருக்கிறது. கனமும் குறைவு. முத்திரை ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. இத்தனை வருடமாக முத்திரையின் பேச்சைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

கையேட்டை மறுபடி எடுத்தார். அந்த வரியின் அடியில் பொடி எழுத்தில் ஆதாரம் போட்டிருந்தது. கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஏலப்பட்டியல், நூற்று முப்பத்தாறாவது உருப்படி. கடையின் பெயரையும் படித்தார். அவர் உட்கார்ந்திருந்த கடை.

பார்த்த சாமான்களைக் குறித்துவைக்கும் தன் நோட்டுகளில் அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்தார். நூற்று முப்பத்தாறு, ஒரு சாசர். அவர் கையாலேயே வரைந்த நங்கூரம், மூன்று புள்ளி. பக்கத்தில் 'முதல் பத்தாண்டு' என்று பென்சிலில்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்ததை மையில் எழுதுவார், ஊகத்தைப் பென்சிலில். இது அவருக்கும் நோட்டுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. முன்னறையில் பட்டியலைத் தட்டச்சு செய்கிற அம்மாளுக்கு மையும் ஒன்றுதான், பென்சிலும் ஒன்றுதான். கணினியிலிருந்து வெளியே வந்தபோது எல்லாமே ஒரே கறுப்பு. கையேடு தொகுத்தவர் அந்தப் பட்டியலை நம்பினார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்த வருடங்களின் நோட்டுகளைப் பிரித்தார். ஏழு நங்கூரங்கள் இருந்தன, ஏழும் மையில். புத்தகத்திலேயே இருக்கிறதே என்ற தைரியத்தில் எழுதியவை. அவர் ஊகத்தை யாரோ ஒருவர் கெட்டி அட்டை போட்டு அவரிடமே திருப்பிச் சொல்ல, அவரும் தலையாட்டியிருக்கிறார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஏன் அப்படி ஊகித்தோம்? யோசித்துப் பார்த்தார். சாசர் நீலமாக இருந்திருக்கலாம். மேகமூட்டத்தில் எல்லாமே நீலமாகத் தெரிந்திருக்கலாம். பசிவேளையாகக்கூட இருந்திருக்கலாம்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவர்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர் தட்டுகள். அவள் போட்ட சட்டம்.

"அப்போ அது தப்புங்கறீங்களா?"

"தப்புன்னு சொல்ல முடியல."

"சரி, அப்போ சரி."

"சரின்னும் சொல்ல முடியல."

"ரெண்டுல ஒண்ணு இருந்தாகணுமேங்க?"

"இருக்கும். எதுன்னு எனக்குத் தெரியலடீ. முன்னாடி தெரிஞ்ச மாதிரி இருந்ததே, அது எங்கேருந்து வந்துச்சுன்னும் இப்போ தெரியல."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "கெட்டிக்காரருக்குக் கட்டிக்கொடுக்கறோம்னு எங்கப்பா சொன்னார். அவர் எந்தப் புத்தகத்துல பாத்தாரோ!"

சிரிக்கப் போனார், பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை சின்ன முதலாளியிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பென்சில் எழுத்தையும் பார்த்தார், இவர் முகத்தையும் பார்த்தார்.

"அண்ணே, இதை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல தம்பி."

"பின்ன என்னத்துக்கு நாமளே போய் மணியடிக்கணும்? கையேடு ஒண்ணு சொல்லுது. நீங்களும் ஒண்ணு சொல்லியிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப்போகுது. சாட்சி ரெண்டாச்சு."

"ரெண்டு இல்ல தம்பி. ரெண்டும் நான்தான்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "கவுத்தண்ணே, தட்டைக் கவுத்தீங்க, சரி. கடையையும் சேத்துக் கவுத்துடாதீங்க. நாளைக்கு நாம எழுதிக் கொடுக்கற சீட்டை எவன் நம்புவான்?"

அவர் நோட்டை மூடி எடுத்துக்கொண்டார். மேசைக்குத் திரும்பி வெள்ளைத்தாள் எடுத்தார். 'முதல் பத்தாண்டு' என்று எழுத நினைத்தால் பேனா மறுக்கிறது. 'பிற்காலம்' என்று எழுத நினைத்தால் அதற்கும் ஆதாரமில்லை. வெள்ளையாக இருக்கிறது என்பது மட்டும் ஒரு ஆதாரமா? முதல் பத்தாண்டிலேயே ஒரு நாள் சூளை நன்றாக எரிந்து, தட்டு வெள்ளையாக வந்திருக்கக் கூடாதா? கூடும் என்றும் தோன்றியது, கூடாது என்றும் தோன்றியது. பதினோரு மணிக்கு அதிகாரி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பென்சில், தட்டச்சு, கையேடு, ஏழு நங்கூரம். அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி, ஏற்கெனவே மூக்கில் ஒன்று இருப்பது தெரிந்து, மறுபடி ஏற்றினார்.

"சரி சார். அப்போ இது எந்தக் காலம்?"

"தெரியலம்மா."

"ஏறக்குறைய?"

"ஏறக்குறையதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கு."

"தெரியலைன்னு எழுதினா முதல் பெட்டியில வைக்க முடியாது."

"வைக்காதீங்க."

அதிகாரி தட்டைத் துணியில் சுற்றத் தொடங்கினார். பாதி சுற்றியதும் கை நின்றது.

"எங்ககிட்ட நீங்க பாத்துக் கொடுத்த சாமான் நாற்பத்தோரு உருப்படி இருக்கு சார். எல்லாத்துலயும் உங்க பேரைத்தான் போட்டிருக்கோம். அதுல எது பென்சில், எது மை?"

அந்தக் கேள்வி வரும் என்று நேற்றே அவருக்குத் தெரியும். வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதலாளியின் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

"நோட்டைப் பாத்தாத் தெரியும்," என்றார். பிறகு, "தெரியாது. மையையும் இப்போ நம்ப முடியல. வந்து ஒவ்வொண்ணா பாக்கறேன்" என்றார்.

"எப்போ வரீங்க?"

"இப்பவே வரேன்."

முதலாளி வெளியே வந்து வாசல்வரை பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் பின்னறை நீளமானது. இரும்பு அலமாரிகள், சத்தமில்லாத விளக்குகள், நடுவில் ஃபெல்ட் துணி விரித்த மேசை. அதிகாரி முதல் உருப்படியை எடுத்துவந்தார். நீலக்கோடு போட்ட சின்னக் கிண்ணம். அதன் அட்டையில் வருடம் மட்டும் இல்லை, மாதமும் இருந்தது. மாதத்தைக்கூட எழுதியிருக்கிறோமே என்று அவருக்கே கூச்சமாகப் போயிற்று.

கவிழ்த்தார். வட்டத்துக்குள் ஒரு இலை, பக்கத்தில் ஒரு எண். நன்றாகப் பழகிய முத்திரை. நகத்தை ஓட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நேராக நிமிர்த்தி, வழக்கத்துக்கு மாறாக உள்பக்கத்தையும் கோட்டையும் விளிம்பையும் வெகுநேரம் பார்த்தார். கிண்ணம் அவரைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"இது?" என்றார் அதிகாரி, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு.

"நேத்து வரைக்கும் தெரிஞ்சது."

"அப்படியே எழுதிக்கட்டுமா சார்?"

கொஞ்சம் யோசித்தார்.

"எழுதிக்குங்க. அடுத்ததைக் கொண்டாங்க."