வாசக்கூட்டி ஒட்டிய அருவி

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கண்ணுதான் வாசக்கூட்டி. பத்து வீடு ஒட்டி நிற்கிற லயத்து வாசலையும் பின்பக்கத்துச் சாக்கடைக் கானையும் தினமும் கூட்டி அள்ளுவது அவள் வேலை. பத்து வீட்டு ரகசியமும் அவள் விளக்குமாற்றுக்குத் தெரியும். ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை, அப்படிப்பட்ட வாய்.

கூட்டியதில் நல்ல உறைகளைப் பொறுக்குவாள். கழுவுவாள், கொடியில் காயப்போடுவாள். கோதுமை மாவில் பசை காய்ச்சி, கிழிந்த தேயிலைப் பையை விரித்து அதன்மேல் படம் ஒட்ட உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துபோகும். நமக்கு அது துணி துவைக்கிற சவர்க்காரம் சுற்றிய பச்சைக் காகிதம். அவளுக்கு அது கொழுந்து நிற்கிற மலை. அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்குமா?

இந்த வருசம் லயத்தையே ஒட்டினாள். பத்து வீடு, பத்துக் கதவு. தாய்மார் மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் அதை மாட்டப்போகிறாள்.

"அந்தந்த வீட்டுக் குப்பைதான் அந்தந்த வீட்டுக் கதவு" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சொல்லியும்விட்டாள்.

கேட்ட நாகலெட்சுமி குடத்தை அங்கேயே போட்டாள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கிறவள் அவள். பத்து நாளும் ஒருபொழுதுதான் என்று தோட்டமே நம்பியிருந்தது. அவளுக்கோ சீனி வருத்தம், சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றும். அடுப்படியில் ஒளிந்து கிரீம் பிஸ்கட் தின்றுவிட்டு, உறையைக் கானில் போட்டுவிடுவாள். தெரிந்தால் கரகம் கைமாறிவிடும்.

பிள்ளை மடுவத்துக்கு ஓடிப் போனாள். படம் அதற்குள் சுவரில் ஏறியிருந்தது.

"அக்கா, அதக் கழட்டுங்க!"

"ஏன்டி? மொதல்ல ஒன் கதவப் பாரு."

மஞ்சள்தூள் பையும் குங்குமப் பையுமாகக் கதவு கோயில்வாசல் போல மின்னியது. பிஸ்கட் எங்கும் இல்லை.

நாகலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "அப்ப... அது எங்கக்கா?"

அம்மாக்கண்ணு மேலே கைகாட்டினாள். படத்தில் லயத்துக்குப் பின்னால், மலை உச்சியிலிருந்து வெள்ளி வெள்ளியாய் ஓர் அருவி இறங்கியது. எல்லாம் பிஸ்கட் உறையின் உட்பக்கம்.

"இத்தன நாளா நீ தின்னதுதான். ஆனா பாரு, தரைக்கு வர நாலு விரல் கொறையுது. இன்னுங் கொஞ்சம் தின்னுருக்கலாம்ல?"

நாகலெட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "பசியோட மாத்திர போடக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருக்கா."

"அத ஆத்தாகிட்ட சொல்லிட்டுத் தின்னுடி. அவ என்ன வேணாம்பாளா? ஏன்டி கானுக்குள்ள போட்டு ஒளிக்கிற? குனிஞ்சு எடுக்க என் இடுப்புல்ல போகுது!"

மறுநாள் காலையில் நாகலெட்சுமி முன்வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள். தண்ணிக்குப் போன அழகம்மா நின்று பார்த்தாள்.

"என்னாக்கா, வெரதம்?"

"மாத்திர போடணும்டி. ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

அழகம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். கரகத்தைக் கைமாற்ற ஒருவரும் வரவில்லை.

வாசல் கூட்ட வந்த அம்மாக்கண்ணுவிடம் நாகலெட்சுமி உறையை நீட்டினாள். "இந்தாங்கக்கா, நாலு விரலு."

அவள் வாங்கவில்லை. "கையில குடுத்தா ஒட்டமாட்டேன். கூட்டி எடுத்ததைத்தான் ஒட்டுவேன். கீழ போடு."

நாகலெட்சுமி வாசலில் போட்டாள். அம்மாக்கண்ணு கூட்டி எடுத்துக்கொண்டாள்.