வாவிக்கு மேல் இரண்டு சுற்று

பேப்பரில் அந்த முகத்தைப் பார்த்ததும், சுடும் தார்த்தரையில் காயும் நெல்லின் வாசம் மூக்கில் ஏறியது.

எங்கள் வட்டை வயலில் வெட்டிய நெல்லை அப்போது வாவிக்கரை விமான ஓடுபாதையில்தான் காயப்போடுவோம். அரசாங்கத்தின் இடம்தான். ஆனால் அவ்வளவு நல்ல வெயில் வேறெங்கும் விழாது. விமானப்படையின் சின்ன விமானம் எப்போதாவதுதான் வரும்.

ஒருநாள் அது திடீரென்று வந்து இறங்கியபோது, அதன் விசிறிக் காற்று பாதி நெல்லை வாவிக்குள் கொட்டிவிட்டது. இறங்கிவந்த இளம் விமானிக்கு முன்னால் அம்மா சுளகோடு போய் நின்றாள்.

“தம்பி, வந்த உடன இறங்காதீங்க. வாவிக்கு மேல ரெண்டு சுத்து சுத்துங்க. அதுக்குள்ள நாங்க அள்ளிருவம்.”

அவருக்குத் தமிழ் அரைகுறை. அம்மா விரலால் வானத்தில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினாள். அவர் சிரிக்காமல் தலையாட்டினார். மாற்றலாகிப் போகும்வரை, நெல் காயப்போடாத மாரிக்காலத்திலும்கூட, இரண்டு சுற்றுச் சுற்றாமல் அவர் இறங்கியதே இல்லை.

பிறகு தளபதி வரைக்கும் உயர்ந்தவர், நேற்றுக் காலமாகிவிட்டார். அவர் வகித்த பதவிகள், வாங்கிய பதக்கங்கள் என்று அரைப்பக்கச் செய்தி. கண் மங்கிப்போன அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: “ரெண்டு சுத்துச் சுத்தினத எழுதல்லயே, புள்ள.”