ஒஸ்ரினுக்குப் பின்னால் ஜெனிற்றா

குருநகரில் நீக்கிலாப்பிள்ளையின் மகள் ஜெனிற்றா பயந்தவள் என்று பெயரெடுத்தவள். தகப்பன் கடலால் வரப் பிந்தினால் அவளுக்குச் சோறு இறங்காது. கலியாணத்துக்கு முன் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையொன்றில் வேலைக்கு நின்றாள். அங்கேயும் ஒரு நட்டைப் போல்ட்டில் பூட்டிப் பார்க்காமல் எவருக்கும் சுற்றிக் கொடுத்ததில்லை. புருசன் லியோன் நேர்மாறு. படகு எஞ்சின் திருத்துகிறவன். கைக்கு வந்ததைப் பூட்டுவான், எஞ்சினும் ஓடும்.

அந்த லியோன்தான், யாரோ கோழி அடைத்து வைத்திருந்த பழைய ஒஸ்ரின் காரை வாங்கி வந்தான். திருத்தி வாடகைக்கு விடலாம் என்பது அவனுடைய எண்ணம். தகரம் தட்டுவது, நிறம் பூசுவது, எஞ்சின் எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். நட்டும் போல்ட்டும் தேடுவது ஜெனிற்றாவின் தலையில் விழுந்தது.

முன் சக்கரத்தில் கழற்றிய போல்ட் ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைகளில் இருந்ததெல்லாம் யப்பான் வண்டிகளுக்கான மில்லிமீற்றர் நட்டுகள். ஒஸ்ரினோ அங்குலக் கணக்கில் செய்த கார். ஓரிடத்தில் அளவு சரி என்று நம்பிப் புது நட்டுகள் வாங்கினாள். வீட்டில் ஒன்றைப் பூட்டிப் பார்த்தபோது சற்று லேசாக ஏறி, பிறகு இறுகி நின்றது. மனம் ஒப்பாமல், நெல்லியடியில் பழைய கார்களை உடைத்து விற்கும் செல்வநாயகத்திடம் போனாள்.

"நல்ல காலம் பிள்ளை, நீ நட்டுச் சாவி போட்டு இறுக்கேல்லை," என்றார் அவர். "உது ஏறுற மாதிரித்தான் காட்டும். பலத்துக்கு இறுக்கினால் போல்ட்டின்ரை புரியைத் தின்னும். பிறகு ஓடேக்கை குலுக்கத்திலை தானாக் கழண்டு விழும். ஸ்ரியரிங்கிலை எண்டால்..." வேறொரு ஒஸ்ரினில் கழற்றி எண்ணெயில் ஊறப்போட்டிருந்த நட்டுகளைத் துடைத்துக் கொடுத்தார். வெளியே கறுத்திருந்தன; உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் புரி மட்டும் சுத்தமாக இருந்தது.

இரண்டு வகையையும் தனித்தனிப் பையில் போட்டு கார் திருத்தும் கராச்சுத் தட்டில் வைத்துவிட்டு அவள் கோயிலுக்குப் போன பின்னேரம், லியோன் முன் சில்லைப் பூட்டி முடித்தான். அவள் வந்தபோது கார் கழுவித் துடைத்து நின்றது. நெல்லியடி நட்டுகளைத்தான் பூட்டியிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த நாள் ஆடி அமாவாசை. உடுவிலில் பத்மாவதி வீட்டார் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகக் காரை வாடகைக்குக் கேட்டிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த பத்மாவதியின் தம்பி சிவகரனுக்கும் அவனுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பழைய காரில் போக ஆசையாம். லியோன் விடியவே வெளிக்கிட்டுவிட்டான்.

காலையில் ஜெனிற்றா, புது நட்டுகளைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பையை எடுத்தாள். அது வெறுமையாக இருந்தது. மற்றப் பையைத் திறந்தாள். கறுத்த நட்டுகள் எல்லாம் அப்படியே கிடந்தன.

அவன் கறுத்ததைக் கழிவென்று நினைத்துவிட்டான். பளபளத்ததைப் பூட்டிவிட்டான். சில்லைத் திருப்புகிற இரும்புக் கையை அந்த நட்டுகள்தான் பிடித்திருக்கின்றன.

லியோனுக்கு எடுத்தாள்; தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது லியோன் எடுக்கமாட்டான். பத்மாவதியின் இலக்கம் அவளிடம் இல்லை. கறுத்த நட்டுகளையும் இரண்டு நட்டுச் சாவிகளையும் ஸ்கூட்டருக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை. சுன்னாகத்தில் வீதியோரம் சனம் கூடி நின்றது. இறங்கிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். எட்டிப் பார்த்தாள். முட்டுப்பட்ட ஓட்டோ ஒன்றுக்காக இரண்டு பேர் வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தெல்லிப்பழையில் ஒரு தேநீர்க்கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணை, பழைய ஒஸ்ரின் ஒண்டு போனதே?"

"ஓம் தங்கச்சி, இப்பதான். முன் சில்லு கொஞ்சம் ஆடின மாதிரிக் கிடந்துது. பிள்ளையள் கை காட்டிக்கொண்டு போகுதுகள்."

கீரிமலை வீதியில் சனம் நிறைந்திருந்தது. பஸ்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் நடுவே கார் மெதுவாகப் போவது தெரிந்தது. கோர்ண் அடிக்கப் போன விரலை எடுத்துவிட்டாள். கோர்ண் கேட்டால் லியோன் வழி விட ஓரத்துக்குத் திருப்புவான். அந்தத் திருப்பத்திலேயே கழன்றால்? ஓரமெல்லாம் சனம்.

காரை முந்திக்கொண்டு போய் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் விரித்தாள். லியோன் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன ஜெனி, வீட்டிலை ஏதும்..."

"திருப்பாதேங்கோ! நடுவிலேயே நிப்பாட்டுங்கோ! அப்பிடியே!"

கார் நின்றது. பின்னால் பஸ்கள் அலறின. அவள் சட்டையோடு தாரில் படுத்துக் காருக்குக் கீழே ஊர்ந்தாள். ஒரு போல்ட்டில் நட்டே இல்லை. மற்றதில் இருந்ததை விரலால் தொட்டாள். கேட்டுக்கொண்டதுபோல் கழன்று உள்ளங்கைக்குள் விழுந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

லியோன் அதை வாங்கிப் பார்த்தான். முகம் சாம்பலாகியது.

"அந்தக் கறுத்ததுகள் கழட்டினது எண்டெல்லே நினைச்சன்," என்றான்.

சிவகரன் பிள்ளைகளைத் தூக்கி இறக்கினான். "தெரியாமலே எங்களை ஏத்தினீங்கள்?" என்று கத்தினான். ஜெனிற்றா எழும்பி உள்ளதைச் சொன்னாள். பத்மாவதி அவளுடைய முழங்கையில் வடிந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, பேந்து கதைக்கலாம், வா," என்று அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். திரும்பும்போது அவர்கள் பஸ்ஸில் போனார்கள்.

கறுத்த நட்டுகளும் உதவவில்லை. போல்ட்டின் புரி நசிந்துபோயிருந்தது. கயிறு கட்டி ரக்ரரில் இழுத்துத்தான் காரைக் குருநகருக்குக் கொண்டு வந்தார்கள். ஜெனிற்றா மறுபடி நெல்லியடிக்குப் போய்ப் போல்ட்டுகளும் வாங்கி வந்தாள். இந்த முறை அவள் எடுத்துக் கொடுக்க, லியோன் பூட்டினான். ஒவ்வொன்றையும் அவள் திரும்பத் தொட்டுப் பார்த்தாள்.

அப்படியும் பயம் போகவில்லை. அடுத்த ஓட்டம் ஒரு கலியாண வீட்டுக்கு. லியோன் எஞ்சினை உயிர்ப்பித்தபோது அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இப்பவும் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டான்.

"நட்டிலை நம்பிக்கைதான். நீங்கள் ஓட்டுங்கோ, நான் பின்னாலை வாறன்."

மணமக்களின் காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் முன் சில்லையே பார்த்தபடி வந்த பெண்ணை, வீடியோக்காரன் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து வழி நெடுகப் படம் பிடித்தான்.