எதிர் வீட்டு நாற்காலி

ஆறரை அடி. புனே கசார்வாடியில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஜெயசிங் பொன்னையா வீட்டு வாசலுக்கும் ஸ்வாமிநாதன் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள தூரம் அது. ஜெயசிங் அதை டேப் வைத்து அளந்து, படமெடுத்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நடைபாதையில் தான் வைத்திருக்கும் செருப்பு அலமாரி யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்றார். அந்த அலமாரியில் இடித்துக்கொண்ட தன் முட்டியைப் படமெடுத்து ஸ்வாமிநாதன் பதிலுக்குப் போட்டார். அன்றிலிருந்து இருவரும் நேரில் பேசுவதில்லை. நாற்பது குடும்பங்கள் பார்க்க, குழுவில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

ஜெயசிங்குக்கு ஊர் நாசரேத் பக்கம். வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். தமிழ்க் கிறிஸ்தவ சபையில் நாற்காலி போடுவது, மைக் கட்டுவது, பிரியாணி அண்டா இறக்குவது எல்லாம் அவர்தான். ஆனால் கட்டிய மைக்கில் அவரைப் பேச விடுவதில்லை. சபை விருந்தோடு நடக்கும் ஆசரிப்புப் பண்டிகை ஒன்றில் நன்றியுரை சொல்லச் சொன்னார்கள். அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் சோறு ஆறிவிட்டது.

இந்த ஆண்டுதான் சபைச் செயலாளர் நிர்மல் மனமிரங்கினார். "வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் உங்க வீட்ல வச்சுக்கலாம் அண்ணாச்சி. பிரசங்கச் செய்தியும் நீங்களே குடுங்க. பத்து நிமிஷம். நல்லா வந்தா ஞாயிறு ஆராதனையில ஒரு வாய்ப்பு தாரேன்." தலைப்பு, அயலாரை நேசித்தல்.

ஜெயசிங் பன்னிரண்டு பக்கம் எழுதினார். ஆப்பிரிக்கப் பஞ்சம் வந்தது, ஒடிசாப் புயல் வந்தது. மனைவி சுகிர்தா படித்துப் பார்த்தாள்.

"எதுத்த வீட்டுக்காரவுகளும் அயலார்தானங்க?"

"அந்தக் கேஸு வேற."

அந்த வெள்ளிக்கிழமை, விநாயகர் சதுர்த்திக்கு வீடுகளில் கணபதி வந்து மூன்றாம் நாள். மாலை ஐந்து மணிக்கு ஜெயசிங் வெள்ளைச் சட்டை, டை, கையில் வேதாகமத்தோடு தயாராக இருந்தபோது மணி அடித்தது. வாசலில் ஸ்வாமிநாதன். மூன்று தலைமுறையாகப் புனேவில் இருக்கும் குடும்பம் அவருடையது; வீட்டில் அவரும் மனைவி விசாலாக்ஷியும்தான்.

"அரே ஜெயசிங், சுனோ. விசாலம் கிச்சன்ல விழுந்துட்டா. ஆம்புலன்ஸ் கீழ நிக்கறது."

"ஐயோ, நான் தூக்குதேன்."

"தூக்கியாச்சு. கணபதியை அகேலா, தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?"

வீட்டில் கணபதியை வைத்தால், கரைக்கும் நாள்வரை வீட்டைப் பூட்டக்கூடாது. யாராவது கூடவே இருக்க வேண்டும். ஸ்வாமிநாதனின் மகன் முகுந்த் நகரின் இன்னொரு பகுதியான வாகடில் இருந்து கிளம்பி, ஊர்வலத்தின் பின்னால் காரோடு மாட்டிக்கொண்டிருந்தான்.

"மேல் மாடில கேட்டியளா?"

"எல்லார் வீட்லயும் கணபதி இருக்கே! அவாவா கணபதியை அவாவா பாத்துக்கறா. பில்டிங்லயே நீங்க ஒருத்தர்தான் ஃப்ரீ."

கீழே இருந்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஸ்வாமிநாதன் படியையும் தன் வீட்டுப் பூஜையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போங்க சார். நீங்க வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார் ஜெயசிங். சொன்ன பிறகுதான் ஏழு மணிக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

எதிர் வீட்டுக் கூடத்தில், டையோடும் வேதாகமத்தோடும் கணபதிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். தரிசனத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வீட்டுப் பெரியவர் என்று நினைத்து ஒரு புதுமணத் தம்பதி அவர் காலில் விழுந்தது. அவர் பதறி எழுந்து, எழமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்து, உடனே உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு மோதகம் எடுத்துக் கொடுத்தார். காலணி விடுவதற்கு இடமில்லாமல் அவர்கள் விழிக்க, எதிரே இருந்த தன் அலமாரியைக் காட்டினார். அரை மணி நேரத்தில் அது நிரம்பி வழிந்தது.

விளக்கில் எண்ணெய் குறைந்தது. ஊற்றலாமா என்று போதகருக்குப் போன் செய்தார். "சிக்னல் சரியில்ல" என்று சொல்லி, மிகத் தெளிவான சிக்னலில் போதகர் போனை வைத்தார். ஜெயசிங் எண்ணெய் ஊற்றினார்.

ஏழு மணிக்கு நிர்மல் ஆட்களோடு படியேறி வந்தார். இடது பக்கம் திறந்த வீட்டில் பாய் விரித்திருந்தது. வலது பக்கம் திறந்த வீட்டில் அன்று செய்தி கொடுக்க வேண்டியவர் மோதகத் தட்டோடு இருந்தார்.

"அண்ணாச்சி, எங்க உக்காந்திருக்கீங்கன்னு தெரியுதா?"

"எதுத்த வீட்டுல."

"எந்திரிச்சு வாங்க."

"வந்தா இங்க யாரும் இல்லாமப் போயிரும். வாக்கு குடுத்துட்டேன்."

சுகிர்தாதான் வழி சொன்னாள்: நாற்காலியை வாசல்படிக்கு இழுத்துப் போட்டால் அங்கேயும் இருக்கலாம், இங்கேயும் பேசலாம். மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஸ்வாமிநாதன் நிபந்தனை போட்டார். "முன்னங்கால் ரெண்டும் வெளியே இருக்கலாம். பின்னங்கால் கண்டிப்பா உள்ள இருக்கணும்."

நிர்மல் ஒப்பவில்லை. "பின்னாடி விளக்கும் மாலையுமா நீங்க செய்தி குடுக்க, எவனாவது வீடியோ எடுத்தா? இந்தப் பக்கம் வந்து பேசுங்க. இல்லன்னா ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, சொல்லிட்டேன்."

ஜெயசிங் பன்னிரண்டு பக்கங்களையும் பார்த்தார். எதிரே பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தாள்களைச் சுகிர்தாவிடம் நீட்டினார்.

"நிர்மல் தம்பியவே வாசிக்கச் சொல்லு. மூணாம் பக்கத்துல கொஞ்சம் நிறுத்தி வாசிக்கணும்."

கூட்டம் தொடங்கியது. வீடு வீடாக ஆரத்தி பாடிக்கொண்டு வந்த கும்பல் ஜால்ராவோடு ஏறி வந்து, ஜெபம் நடப்பதைப் பார்த்துப் படியிலேயே உட்கார்ந்தது. கீர்த்தனை பாடியபோது அவர்களில் ஒருவர் சும்மா இருக்க முடியாமல் ஜால்ரா தட்டினார். தாளம் சரியாக இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. அயலாரை நேசிப்பது பற்றி நிர்மல் உணர்ச்சியோடு வாசித்தார். ஒடிசாப் புயல் வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. ஜெயசிங் வலது கையால் மோதகம் கொடுத்துக்கொண்டே, தேவையான இடங்களில் "ஆமென்" சொன்னார். எழவே இல்லை.

எட்டரைக்கு முகுந்த் வந்து அவரை விடுவித்தான். விசாலாக்ஷிக்கு உடம்பில் உப்புச் சத்து குறைந்திருந்தது. ஞாயிறு மாலை வீடு திரும்பினாள். அன்று காலை ஆராதனையில் ஜெயசிங் மைக் கட்டினார், நிர்மல் பேசினார்.

மறுநாள் ஸ்வாமிநாதன் நடைபாதையில் நின்று, பல காலத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசினார்.

"ரொம்ப உபகாரம். ஆனா அந்த அலமாரியை ஒரு மூணு இஞ்ச் தள்ளிக்கோங்கோ."

"ரெண்டு இஞ்ச்" என்றார் ஜெயசிங்.

அடுத்த ஜெபக் கூட்டம் வாகடில், நிர்மல் வீட்டில். ஜெயசிங்குக்கு இன்னொரு வாய்ப்பு தரலாம் என்று சபையில் நாலு பேர் சொல்லி, நிர்மலும் சம்மதித்திருந்தார். ஆனால் அன்று மாலை விசாலாக்ஷியை டாக்டரிடம் காட்ட வேண்டும்; அதே நேரத்துக்கு அவர்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. சாவி ஜெயசிங்கிடம் இருக்கிறது. செய்தியை நிர்மல் கொடுப்பார்.