இடைவேளையில் உடைத்த பூசணிக்காய்

நான் ஓரிடத்தில் நிலைத்தவள் இல்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, டெங்கில் பக்கம் செம்பனைத் தோட்டம், துறைமுகக் கிடங்கு, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை என்று மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். கிடங்கில் ஒருவருடைய விரல் துண்டாகிப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாளும் வேலைக்குப் போனேன். ஆனால் சிறுவயதில் கிள்ளானில் ஒரு கூடைப்பந்து அரங்கில் பார்த்ததை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று ஆடியவர் மாமா, அம்மாவின் தம்பி. தாயில்லாத அவரை அம்மாதான் வளர்த்தாள். பண்டமாரானில் எங்கள் வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போனார். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவில் அவர் ஒருவர்தான் தமிழர். மற்றவர்களோடு ஹொக்கியன் சீனத்தில் வாயடித்துக்கொண்டே ஆடுவார். அன்றைய இறுதியாட்டத்தைப் பார்க்க மாநிலக் குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். நன்றாக ஆடினால் மாமாவுக்கு இடம் உறுதி.

அம்மாவுக்குக் கூடைப்பந்து தெரியாது, கண்ணேறு தெரியும். மாமா பந்தைக் கூடையில் போட்டபோதெல்லாம் எங்களுக்குப் பின்னாலிருந்த பெண், “அந்த ஒசரமான பையன பாரேன்! ஸ்டேட் டீமுக்கு இவன்தான் லா!” என்றாள். அம்மாவின் முகம் ஒவ்வொரு முறையும் சுருங்கியது. இடைவேளை மணி அடித்ததும் காலடியில் வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அரங்கின் பின்வாசலுக்குப் போனாள். பைக்குள் குங்குமம் தடவிய வெள்ளைப் பூசணிக்காய் இருந்தது.

காவலாளி ஓடி வந்தார். “அக்கா, இது கோயில் இல்ல லா! பாஸ் பாத்தா என் வேல போயிரும்!”

“நானே கூட்டி அள்ளிடுறேன் தம்பி. அவன்மேல எத்தன கண்ணு, நீயும்தான பாத்த?”

காவலாளியும் மாமாவின் ஆட்டத்தை வாய் பிளந்து பார்த்தவர்தான். தன் கண்ணையும் சேர்த்துச் சொல்கிறாளோ என்று நினைத்தாரோ என்னவோ, துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மா பூசணியை அரங்கை நோக்கி மூன்று முறை சுற்றி வாசலிலேயே போட்டு உடைத்தாள். சொன்னபடி கூட்டவும் செய்தாள். ஆனால் பூசணியின் வழுவழுப்பு துடைப்பத்துக்கு அடங்குகிற சமாச்சாரமா?

மாமாவின் குழு அந்த வாசல் வழியாகத்தான் திரும்பவும் உள்ளே ஓடி வந்தது. முதல் பந்தே மாமாவிடம் வந்தது. எம்பக் காலை ஊன்றினார். ஊன்றிய கால் ஒரு பக்கம் போனது, உடம்பு இன்னொரு பக்கம் போனது. எதுவோ அறுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. 

நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். மாமாவின் காலணியின் அடியில் குங்குமம் ஏறிய இரண்டு பூசணி விதைகள் ஒட்டியிருந்தன. அவரும் பார்த்துவிட்டார். வலியில் பல்லைக் கடித்தபடி, யாரோ நீட்டிய துண்டை வாங்கி அடிப்பாகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம்தான் அம்மா வந்து சேர்ந்தாள்.

“என்னடா ஆச்சு? வழுக்கிருச்சா?”

“இல்லக்கா. எம்பும்போதே முட்டி மடங்கிக்கிச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் சொன்னால் அம்மா என் வாயில் மிளகாய் வைப்பாள். இவ்வளவு பெரிய ஆள், விழுந்த இடத்திலேயே கிடந்துகொண்டு பொய் சொல்கிறார். அம்மாவிடம் அவ்வளவு பயமா?

முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. மாநிலக் குழுவுக்கு வேறொருவர் போனார். “அந்தப் பூசணிக்காய ஒடைக்கலன்னா உயிரே போயிருக்கும். முட்டியோட போச்சு” என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆமா ஆமா” என்பார்.

காலை இழுத்து நடக்கத் தொடங்கிய பிறகு, பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெண்கள் குழுவுக்குப் பயிற்சியாளரானார். கத்தமாட்டார். “அலறுனா பந்து உள்ள போயிருமா?” என்பார். தோற்றால் அவரே எல்லாருக்கும் மைலோ வாங்கித் தருவார். ஆடுகளத்துக்குள் யாராவது தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தால் மட்டும் அவர் குரலில் அரங்கே அதிரும்.

ஒருநாள் அந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்க்க அம்மாவும் நானும் போயிருந்தோம். ஆட்டம் தொடங்குமுன் மாமா மடங்காத காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்து, வாசலிலிருந்து கோடு வரைக்கும் நகர்ந்து நகர்ந்து துணியால் துடைத்தார். பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை அவர் துடைத்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் முழங்காலைத் தன் மடியில் தூக்கிவைத்துத் தைலம் தேய்த்தாள்.

“நெசத்த சொல்லு. அன்னிக்கு வழுக்கித்தான விழுந்த?”

“அத இன்னும் விடலயா நீ? முட்டி மடங்கிச்சு. அவ்ளோதான் லா.”

அம்மா குனிந்த தலையை நிமிர்த்தாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தைலம் காய்ந்த பிறகும் தேய்த்தாள். மாமாவும் போதும் என்று சொல்லவில்லை.

சரி, அம்மா நம்பிவிட்டாள் என்று நினைத்து நான் தொலைக்காட்சியைப் போட்டேன்.