சப்பாத்து போட்ட தாளம்

அனுஷா, கபிலன்... போன ஞாயிறு ஹாலில் போட்ட படத்தில் அப்பாவின் காட்சி வந்தபோது எழும்பி நின்று கை தட்டினீர்களே, அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு உரியதல்ல. யாருக்கு உரியது என்று சொல்கிறேன். இந்தப் பத்தியை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளும் கேளுங்கள்.

நம் தெருவில் இருக்கும் சுதன் ஒரு குறும்படம் எடுத்தான். அதில் எனக்கு ஒரேயொரு காட்சி. மகளை விமானம் ஏற்றிவிட்டுத் தனியே வரும் தகப்பன், ரயில் பிளாட்ஃபாரத்தில் நடக்க வேண்டும். வசனம் இல்லை. நடந்தால் போதும்! நடக்கத் தெரியாத ஆளா நான்?

தெரியாது என்பது எடிட்டிங்கில்தான் தெரிந்தது.

"குறை நினையாதேங்கோ அண்ணை. பிள்ளையை அனுப்பின தகப்பன் மாதிரி இல்லை. பஸ்ஸை விட்ட ஆள் மாதிரி இருக்கிறியள். வெட்டப்போறன்" என்றான் சுதன்.

எனக்குத் திக்கென்றது. 2009 பிறந்ததிலிருந்து, ஊரில் நடந்த சண்டைச் செய்திகளால், நம் வீடுகளில் டிவியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இல்லை. இந்தப் படத்துக்குத்தான் நீங்கள் இருவரும் துள்ளிக் குதித்தீர்கள். சிநேகிதர்களையெல்லாம் வேறு அழைத்துவிட்டீர்கள்!

"மியூசிக் போட்டுப் பாத்திட்டு வெட்டன் தம்பி" என்று கெஞ்சினேன்.

அப்படித்தான் இருவரும் வெம்பிளிக்குப் போனோம், படத்துக்கு இசையமைக்கும் ஜெயம் அண்ணை வீட்டுக்கு. ஜெர்மனியில் இருந்து வந்தவர். பின்னறையில் ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். அதுதான் ஸ்டூடியோ.

இசையமைப்பாளர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மெட்டு யோசிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் கண்ணை மூடவே இல்லை! சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும்... முதலில் அதைத்தான் முடிவு செய்வாராம். மெட்டு பிறகுதான்.

சுதன் வயலின் கேட்டான். போட்டார். பிளாட்ஃபாரத்தில் செத்தவீடு நடப்பது போலிருந்தது. புல்லாங்குழல் போட்டார். நான் மாடு தேடிப் போகிறவன் ஆகிவிட்டேன்.

"வெட்டுவமே?" என்றான் சுதன்.

"பொறு தம்பி." ஜெயம் அண்ணை திரைக்குக் கிட்டப் போனார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் காணும், ஒரு காலை அழுத்தி வைக்கிறீர், மற்றதை மெல்ல வைக்கிறீர்?"

"அது... காலில போட்டது சுதன்ர சப்பாத்து அண்ணை. என்ர வேலைச் சப்பாத்து படத்துக்குச் சரிவராது எண்டு தன்ரயைத் தந்தவன். சின்னன். கடிச்சுப் போட்டுது."

"கடிக்கட்டும், கடிக்கட்டும்!"

மேசையில் விரலால் தட்டினார். டொக்... டொ. டொக்... டொ. திரையில் என் கால் நிலத்தில் படும் இடங்களிலெல்லாம் ஒரு சின்ன அடி வைத்தார். அதன்மேல் கீபோர்டில் நாலைந்து சுரங்கள். மெல்ல வைக்கும் காலுக்குச் சுரமும் கொஞ்சம் தயங்கி வந்தது. நான் நிற்கும் இடத்தில் இசையும் நின்றது. ரயில் சத்தம் மட்டும்.

மறுபடி பார்த்தோம். அதே நான். அதே மூஞ்சி. ஆனால் திரையில் ஒரு தகப்பன், வீட்டுக்குப் போக மனமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்!

சுதன் காட்சியை இன்னொருதரம் ஓடவிட்டான். பிறகு, "அண்ணை, இதை எப்பிடி நடிச்சனீங்கள்?"

"உன்ர சப்பாத்தைக் கேள்" என்றார் ஜெயம் அண்ணை.

காட்சி தப்பியது. அவர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை, பார்த்தீர்களா? இருந்ததை வெட்டாமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடினார். ஸ்கூல் ரிப்போர்ட்டைக் கண்டதும் குதிக்கும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நானும்தான்.

ஞாயிறு படம் முடிந்ததும் நீங்கள் அம்மாவோடு காரில் போய்விட்டீர்கள். நான் ஆட்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு ரயிலில் வந்தேன். நம் ஸ்டேஷனான ரெய்னர்ஸ் லேனில் இறங்கியவன் நான் ஒருவன்தான். அக்கம்பக்கம் பார்த்தேன். ஒரு காலை அழுத்தி, மற்றதை மெல்ல வைத்து, வாயால் அந்த இசையையும் போட்டுக்கொண்டு பிளாட்ஃபாரத்தின் கடைசிவரை நடந்தேன்.

நன்றாகத்தான் வந்தது... சொந்தச் சப்பாத்திலும்!